பழைய எஞ்சின், பக்கத்தில் துளையே இல்லை: உள்ளே போகிற தண்ணீர் எங்கே வெளியே வருகிறது?

மணக்குடி காயல்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் எப்போதோ கொச்சியில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கி, சாக்கில் சுற்றிக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த அவுட்போர்டு எஞ்சினை (வள்ளத்தின் பின்னால் மாட்டுவது) மாமி போன மாதம் என்னிடம் தந்துவிட்டார். ஜான்சன் சீ ஹார்ஸ், ஐந்தரை குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர். தகட்டில் சி.டி. என்று ஆரம்பிக்கும் எண் இருக்கிறது. இந்த வரிசை 1954 முதல் 1964 வரை வந்தது என்று தேடித் தெரிந்துகொண்டேன்.

கடலுக்குக் கொண்டுபோக இல்லை. பழையாறு வந்து சேரும் எங்கள் காயலில், சின்ன வள்ளத்தில் மாட்டி ஓட்டத்தான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கழை ஊன்றி வள்ளம் தள்ளத் தோள் விடவில்லை, வலை போடாமல் வீட்டில் இருக்க மனசு விடவில்லை.

பற்றவைக்கும் காயில் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. அதை மாற்றி, பிளக் மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, முற்றத்தில் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அப்பா திண்ணையில் இருந்து எழுந்தே வந்துவிட்டார்.

ஆனால் பக்கத்தில் தண்ணீர் வரவில்லை. நம்ம கரையில் ஓடுகிற எல்லா எஞ்சினிலும் மூடிக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும், ஸ்டார்ட் ஆனதும் அதில் தண்ணீர் பீய்ச்சும். அது வந்தால்தான் எஞ்சினை முடுக்குவார்கள். இதில் அந்தத் துளையே இல்லை. சுற்றிச் சுற்றித் தேடிவிட்டேன். பயந்துபோய் இருபது விநாடியில் நிறுத்திவிட்டேன். டிரம்மில் பார்த்தால் தண்ணீரின் மேல் கறுப்பாக எண்ணெய்ப் படலம். உள்ளே கசிவை அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டதோ என்று அது வேறு பயம்.

தண்ணீர் எடுக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறும்பனை அலைவாய்

தம்பி, இனி ஸ்டார்ட் பண்ணாதே. தண்ணீர் வரவில்லை என்றால் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரம், போய்விட்டது, அவ்வளவுதான். பழைய ரப்பர் சாக்கில் கிடந்து காய்ந்திருக்கும். கீழ்ப் பாகத்தைக் கழற்றி மாற்று. துளை அழுக்கால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள், சுரண்டிப் பார்.

முட்டம் கலங்கரை

சுரண்ட வேண்டாம். எங்கள் வீட்டில் உதிரிபாகக் கடை இருக்கிறது, சின்ன வயதிலிருந்து இந்த எஞ்சின்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் பக்கத்துத் துளை கிடையாது. பிற்காலத்தில்தான் அது பரவலாக வந்தது. உங்களுடையதில் தேட வேண்டிய இடம் பக்கம் இல்லை, பின்புறம். எஞ்சினின் கால் இருக்கிறதே, தலைப்பகுதியில் இருந்து புரொப்பல்லர் வரை இறங்கும் நீளமான பாகம், அதன் பின்பக்கம் தண்ணீருக்கு மேலே சின்னத் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். மெதுவாக ஓடும்போது அதன் வழியாகப் புகை வரும். புகையோடு தண்ணீர்த் துளியும் வருகிறதா என்று பாருங்கள்.

மணக்குடி காயல்

அக்கா, நீங்கள் சொன்னதும்தான் நினைவு வந்தது. பின்னால் இரண்டு துளை இருக்கிறது. நான் அந்தப் பக்கம்தான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிட்டு எழுந்தபோது கைலி முழங்காலுக்கு மேலே நனைந்து சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளியாக இருந்தது. டிரம் தண்ணீர் தெறித்தது என்று நினைத்தேன். அது எஞ்சின் துப்பியதா?

குளச்சல் பழைய ஸ்பேனர்

அது எஞ்சின் துப்பியதுதான், தம்பி. அந்தக் கைலியைத் துவைக்கும் முன்னால் மோந்து பார். புகையும் எண்ணெயும் கலந்த வாடை அடிக்கும். டிரம் தண்ணீர் தெறித்தால் அந்த வாடை வராது.

நான் முப்பத்தைந்து வருடம் அவுட்போர்டு வேலை பார்த்தவன். இப்போது கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு பண்ணுகிறான். தண்ணீர் போகிற வழியை ஒரு தடவை மனசில் வாங்கிக்கொண்டால் அப்புறம் எந்த எஞ்சினைக் கண்டும் பயம் வராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கீழே, புரொப்பல்லர் பொருந்தியிருக்கும் கியர்கேஸில் சல்லடை மாதிரித் துளைகள் இருக்கும். தண்ணீர் அங்கே நுழைகிறது. அதற்கு மேலே, எஞ்சினில் இருந்து இறங்கும் செங்குத்து ஷாஃப்டிலேயே வாட்டர் பம்ப். ஒரு கிண்ணம், அதற்குள் ரப்பர் இம்பெல்லர். ஷாஃப்ட் கிண்ணத்துக்கு நடு மையத்தில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். அதனால் இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கும், மறு பக்கம் விரியும். விரியும்போது தண்ணீரை வாங்கும், மடங்கும்போது பிழிந்து மேலே தள்ளும். மெதுவாக ஓடும்போது இப்படி. வேகம் கூடினால் தண்ணீரின் எதிர்ப்பிலேயே இதழ்கள் மடங்கிக் கிண்ணத்தின் சுவரை விட்டு விலகிவிடும். அப்போது கிணற்று மோட்டார் மாதிரி சுழற்றி வீசித்தான் தள்ளும். இதழ் தேய்ந்த இம்பெல்லர் வேகத்தில் சரியாகவும் மெதுவோட்டத்தில் மோசமாகவும் தண்ணீர் தருவது இதனால்தான்.

பம்ப் தள்ளிய தண்ணீர் செம்புக் குழாய் வழியாக மேலே ஏறுகிறது. சிலிண்டரைச் சுற்றி, சிலிண்டரின் முனையை மூடும் ஹெட்டுக்குள், புகை வெளியேறும் பாதையின் சுவருக்குப் பின்னால் என்று சுற்றுகிறது. சுற்றி முடித்தபிறகு அது எங்கே போகும் என்பதுதான் உன் கேள்வி. காலுக்குள்ளேயே விழுகிறது. கால் உள்ளே பொந்து. சிலிண்டரில் இருந்து வரும் புகையும் அதே பொந்துக்குள்தான் இறங்குகிறது. இரண்டும் கலந்து, தண்ணீருக்கு அடியில், புரொப்பல்லர் பக்கம் வெளியேறுகிறது. அந்தக் காலத்தில் எஞ்சினை வடிவமைத்தவர்கள் தண்ணீரை வீணாக வெளியே விடவில்லை. சிலிண்டரைக் குளிர்வித்த தண்ணீரே புகையையும் குளிர்விக்கிறது, சத்தத்தையும் அமுக்குகிறது. அது இல்லாவிட்டால் காலின் பெயின்ட் பொரிந்து உரிந்துவிடும்.

மெதுவோட்டத்தில் புகைக்கு அடியில் உள்ள தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வலு இருக்காது. மூச்சு முட்டாமல் இருக்கத்தான் பின்னால் அந்த இரண்டு துளை. அதில் வருவது புகை, கொஞ்சம் நீராவி, கொஞ்சம் துளி. பீய்ச்சி அடிக்காது, தூவும். பின்னால் கை நீட்டினால் உள்ளங்கை நனைய வேண்டும். நனைந்தால் தண்ணீர் மேலே போய்த் திரும்பி வருகிறது. கை காய்ந்தே இருந்து சூடான வறட்டுப் புகை வந்தால் உடனே நிறுத்து.

எண்ணெய்ப் படலத்துக்குப் பயப்படாதே. எவ்வளவு எண்ணெய் கலந்தாய்? டிரம்மில் தண்ணீர் எந்த உயரம்?

மணக்குடி காயல்

நன்றி அண்ணே. 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்தேன். டிரம்மில் தண்ணீர் புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தட்டு வரை.

குளச்சல் பழைய ஸ்பேனர்

கலவை சரி. இப்போதைய எஞ்சின்களுக்கு 50-க்கு 1 போதும், இதற்கு அது பத்தாது, உள்ளே பழைய மாதிரி புஷ் பேரிங். அவ்வளவு எண்ணெய் போட்டால் எரியாத மிச்சம் புகையோடு இறங்கித் தண்ணீரில்தான் மிதக்கும். கேஸ்கெட் பயம் இருந்தால் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார். ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்றோ, துளி நீரோடோ இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. இரண்டும் ஒரே மாதிரி எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கவலை இல்லை.

தண்ணீர் உயரம் பத்தாது. பம்ப் அந்தத் தட்டுக்கும் மேலேதான் இருக்கிறது. தட்டுக்கு மேல் ஒரு சாண் நிற்கட்டும். அதற்காக விளிம்பு வரை நிரப்பி அந்த இரண்டு துளையை மூழ்கடித்துவிடாதே, புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணறி நிற்கும். முற்றத்தில் வைத்தே ஓட்டு, கொட்டகைக்குள் வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

குறும்பனை அலைவாய்

துளை இல்லாத எஞ்சினும் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, சுரண்டச் சொன்னது தப்பு. ஆனாலும் ஒரு யோசனை. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கை நீட்டிப் பார்ப்பதற்குப் பதில், சிலிண்டர் பக்கத்தில் ஒரு துளை போட்டு, சின்ன நிப்பிள் வைத்து, டியூப் போட்டு வெளியே விட்டால் எல்லா எஞ்சின் மாதிரியும் ஆகிவிடும் இல்லையா? எங்கள் ஊரில் ஒருவர் செய்திருக்கிறார்.

முட்டம் கலங்கரை

செய்ய முடியும். செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அறுபது வருட அலுமினிய வார்ப்பில் எங்கே சுவர் மெல்லியது, எங்கே தடித்தது என்று வெளியில் இருந்து தெரியாது. அரை அங்குலம் தள்ளிப் போட்டால் தண்ணீர்ப் பாதைக்குப் பதில் புகைப் பாதைக்குள் போய்விடும். இந்த எஞ்சினுக்கு மாற்று சிலிண்டர் பிளாக் இங்கே எங்கே கிடைக்கும்? நான் போட மாட்டேன்.

கடியபட்டணம் கரை

துளையில் தண்ணீர் வந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று நம்புகிற எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் அதை நம்பித்தான் எஞ்சினைத் தொலைத்தேன்.

போன கணவாய் மீன் சீசன். மண்ணெண்ணெயில் ஓடுகிற பத்து குதிரைசக்தி எஞ்சின், ஐந்து வருடப் பழக்கம். இருபது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத் தண்ணீரில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் துளையில் தண்ணீர் கம்பி மாதிரி விழுகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். முதலில் பெயின்ட் கருகும் வாடை. அண்ணன், யாரோ கரையில் குப்பை எரிக்கிறார்கள் என்றார். கரை அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. அப்புறம் எஞ்சினின் குரல் மாறியது, மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி இழுத்தது. கையை வைப்பதற்குள் நின்றுவிட்டது. கயிறு இழுத்தால் சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துவிட்டது. தண்ணீர் கடைசி வரை பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது.

வேறு வள்ளம் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். கழற்றிப் பார்த்தால் பம்ப் புதுசு மாதிரி இருக்கிறது. தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு, உப்பு பிடித்து மூடியபடியே உறைந்திருந்தது. என் எஞ்சினில் அந்தப் பக்கத்துத் துளைக்குப் போகும் பாதை தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிகிறது. அதனால் பம்ப் தள்ளிய தண்ணீர் துளை வழியாக ஜோராக வந்தது, ஹெட்டில் இருந்த தண்ணீர் மட்டும் நகரவே இல்லை. பிஸ்டன், ரிங், போர் என்று எல்லாம் சேர்த்து அந்த சீசன் வருமானம் அதிலேயே போயிற்று.

பம்ப் வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்தத் துளை சாட்சி. ஹெட்டில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. இப்போது நான் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஹெட்டில் கை வைத்துப் பார்க்கிறேன். மணக்குடித் தம்பி, உன் எஞ்சினில் துளை இல்லை என்று வருத்தப்படாதே. ஹெட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உனக்கு முதல் நாளில் இருந்தே வந்துவிடும்.

வள்ளவிளை நங்கூரம்

அப்படியானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட வேண்டியதுதானே? எங்கள் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கடியபட்டணம் கரை

அதையும் செய்து பார்த்தேன். பழுது பார்த்தவர், இது இல்லாமலே ஓட்டு, சூடே ஏறாது என்றார். சூடு ஏறவில்லை, உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் சரியாக எரியவில்லை. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம் இல்லையா? அந்த சூடு வந்தால்தானே மண்ணெண்ணெய் ஆவியாகும். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது. ஒரு வாரத்தில் பிளக் இரண்டும் கரி, நடுக்கடலில் பிளக் மாற்றுகிற வேலை. திரும்ப மாட்டிவிட்டேன். மாதம் ஒரு தடவை கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்க்கிறேன்.

நாகர்கோவில் பட்டறை வாத்தியார்

பாலிடெக்னிக்கில் வெப்ப எஞ்சின் பாடம் நடத்துகிறேன். கடியபட்டணத்து நண்பர் பட்ட பாட்டுக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

கார் எஞ்சினில் தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேலேதான் திறக்கும். அவுட்போர்டில் 50, 60 டிகிரியிலேயே திறக்கும்படி வைத்திருப்பார்கள். காரில் ஓடுவது திரும்பத் திரும்பச் சுற்றும் நல்ல தண்ணீர். நம் எஞ்சினில் ஓடுவது கடல், லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்போடு. அதைக் கார் அளவுக்குச் சூடாக்கினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் சுவரில் படியத் தொடங்கும். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரி. படிந்த இடம் சூட்டைத் தண்ணீருக்கு விடாது, அதனால் இன்னும் சூடாகும், இன்னும் படியும். கடலில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவச் சொல்வது உள்ளே உப்பு தங்கிப் படியாமல் இருக்கத்தான்.

கை வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 50 டிகிரியில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். 60-ஐத் தாண்டினால் இரண்டு மூன்று விநாடியில் கை தானாக வந்துவிடும். விரலால் தெளித்த தண்ணீர் சீறிக் கொதித்தால் 100 தாண்டிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும்போது மேலே ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். துண்டும் கைலி நுனியும் பக்கத்தில் போகக்கூடாது. பிளக் வயரில் கை படாமல் ஹெட்டை மட்டும் தொடுங்கள்.

தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பத் துப்பாக்கி வாங்க நினைத்தால் பட்டறைக்கானதை வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி உடல் சூட்டுக்கு மட்டும்தான். ஹெட்டில் காட்டினால் பிழை என்றுதான் காட்டும். என் மாணவர்களே அதைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

வள்ளவிளை நங்கூரம்

சார், 1930, 40களின் எஞ்சின் சிலவற்றில் ரப்பர் பம்பே கிடையாது என்று கேள்விப்பட்டேன். அப்போது தண்ணீர் எப்படி ஏறும்?

நாகர்கோவில் பட்டறை வாத்தியார்

உண்மைதான். புரொப்பல்லருக்குப் பின்னால் ஒரு வாய் வைத்திருப்பார்கள். புரொப்பல்லர் வீசும் தண்ணீரின் வேகமே அதற்குள் ஏறி மேலே தள்ளும். அதனால் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு டிரம்மில் ஓட்டினால் ஒரு சொட்டுக்கூட ஏறாது. இந்த நண்பரின் எஞ்சின் அதற்குப் பிந்தியது, பம்ப் இருக்கிறது.

குளச்சல் பழைய ஸ்பேனர்

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உப்பு ஒரு எதிரி, நம்ம கரைக்கு இன்னொரு எதிரி உண்டு, கறுமணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் கையால் அள்ளினாலே கனம் தெரியும். இல்மனைட், கார்னெட், ஜிர்கான் எல்லாம் கலந்தது. அலை உடைகிற இடத்தில் வள்ளத்தை இறக்கும்போது ஆழம் வருவதற்கு முன்னால் எஞ்சினை முடுக்கினால் கலங்கிய மணலை அப்படியே பம்ப் உறிஞ்சும். கிண்ணத்தின் உள்சுவரைப் பட்டை தீட்டிய மாதிரி வரிவரியாக அறுத்துவிடும். புது இம்பெல்லர் போட்டாலும் அறுத்த கிண்ணத்தில் அழுத்தம் பிடிக்காது. இம்பெல்லர் மட்டும் வாங்கிப்போட்டு இரண்டு வாரத்தில் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் மூன்று மாதம் நான் வேறு வேலை பார்க்கவில்லை. மணலுக்குள் இருந்து தோண்டி எடுத்த எஞ்சின்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். சிலதற்குச் சொந்தக்காரரே இல்லை. ஹெட்டைத் திறந்தால் தண்ணீர்ப் பாதை முழுக்கக் கறுமணல், இடித்து நிரப்பின மாதிரி. தங்கூசியை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) மடித்து விட்டு, குழாய்த் தண்ணீர் பாய்ச்சி, மறுபடி தங்கூசி என்று ஒவ்வொரு பாதையாகத் திறந்தோம். தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வரும் என்று எனக்கு மனப்பாடம் ஆனது அந்த மூன்று மாதத்தில்தான்.

தம்பி, நீயும் கியர்கேஸைக் கழற்றியதும் மேலே தொங்கும் செம்புக் குழாயின் வாயில் தோட்டத்து ரப்பர் குழாயை வைத்துத் தண்ணீர் விடு. மேலே ஏறி, சுற்றி, கால் வழியாகத் திரும்பி விழும். கண்ணால் பார்த்துவிடலாம்.

மணக்குடி காயல்

அண்ணே, நேற்று ஞாயிறு, கழற்றிவிட்டேன். கீழ்ப் பாகம் எளிதில் வரவில்லை. அப்பா தேங்காயெண்ணெயைச் சூடாக்கி போல்ட்டுகளில் விட்டு ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார், காலையில் வந்துவிட்டது.

இம்பெல்லர் உடையவில்லை. ஆனால் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்தபடியே மரத்துப்போயிருந்தன. விரலால் நிமிர்த்தினால் நிமிர்ந்து, விட்டதும் சுருண்டுகொள்கிறது. கிண்ணத்தில் கீறல் குறைவு, நகத்தில் தட்டவில்லை. செம்புக் குழாய் பம்பில் உட்காரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் பொடியாக உதிர்ந்துவிட்டது. பாதித் தண்ணீர் அங்கேயே ஒழுகியிருக்கும்.

அப்புறம் நீங்கள் சொன்னபடி குழாயில் தண்ணீர் விட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. நான்கைந்து விநாடி கழித்துத் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது, அதன்பின் சிவந்த சேறு, அப்புறம் தெளிந்தது. காலின் உள்ளே எல்லாப் பக்கமும் சுவரை ஒட்டி வழிந்து விழுந்தது. அந்த இடத்தில்தான் புகையும் வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதைப் பார்க்காமல் நூறு தடவை படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

பின்னால் உள்ள இரண்டு துளையில் ஒன்று குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. குச்சியால் குத்தி எடுத்தேன், காய்ந்த புழுக்கூடு உள்ளேயே இருந்தது.

இம்பெல்லர் எங்கே வாங்குவது? மாட்டும்போது இதழ் எந்தப் பக்கம் மடங்க வேண்டும்?

முட்டம் கலங்கரை

இங்கே கடையில் இருக்காது, கொச்சியில் கேட்டு வரவழைக்கலாம். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். வெளி விட்டம், உயரம், ஷாஃப்ட் துளை, கீ (இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்னத் துண்டு) உட்காரும் பள்ளம் நான்கையும் வெர்னியரில் அளந்து அனுப்புங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தண்ணீர் பக்கவாட்டில் நழுவிவிடும். ரப்பர் வளையத்தையும் சேர்த்தே கேட்கிறேன்.

குளச்சல் பழைய ஸ்பேனர்

மேலே இருந்து பார்த்தால் ஷாஃப்ட் கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றும். இதழ்களின் நுனி அதற்குப் பின்னால் இழுபடுகிற மாதிரி மடங்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டு கிண்ணத்தை அழுத்து, தானாக மடங்கி உட்காரும். கீ நழுவி விழாமல் இருக்கத் துளி கிரீஸ் வை. பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்தால்கூட அந்தத் துண்டு மேலே எங்கோ போய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காமல் மூடக்கூடாது. உனக்கு எல்லாம் இருக்கிறதா, எண்ணினாயா?

மணக்குடி காயல்

எண்ணிவிட்டேன் அண்ணே, எல்லாம் இருக்கிறது. அளவுகளை அக்காவுக்கு அனுப்புகிறேன்.

மணக்குடி காயல்

பதினெட்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சாமான் வர நேரமாகிவிட்டது.

முந்தாநாள் டிரம்மில் ஓட்டினேன், தட்டுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். ஸ்டார்ட் ஆகிப் பத்து விநாடிக்குள் பின்னால் இரண்டு துளையிலும் புகையோடு துளி தூவ ஆரம்பித்தது. உள்ளங்கையை நீட்டினேன், நனைந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. பத்து நிமிடம் ஓட்டினேன். தெரிந்த ஒருவரிடம் பட்டறை வெப்பத் துப்பாக்கி வாங்கி ஹெட்டில் காட்டினேன். 52, 54 என்று ஏறி அங்கேயே நின்றது. கை வைத்தால் வைத்திருக்க முடிகிறது. பிளக் இரண்டும் ஒரே நிறம்.

இன்று காலை காயலில் இறக்கினோம். பொழி, அதாவது காயல் கடலில் திறக்கிற வாய், இப்போது மூடிக் கிடப்பதால் தண்ணீரில் உப்பு குறைவு. அலையாத்தி மரங்கள் நிற்கிற ஓரம் வரை போய்த் திரும்பினோம். வேகம் கூட்டியதும் பின்னால் தூவுவது குறைந்து, புகை எல்லாம் அடியில் குமிழாகப் போகிறது. நீங்கள் சொன்னது அப்படியே. திரும்பும்போது அப்பா கைப்பிடியை வாங்கிக்கொண்டார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்னால் அந்தத் துளைக்கு நேராக. கரை வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கடியபட்டணம் கரை

சந்தோஷம் தம்பி. பொழி வெட்டியதும் உப்பு ஏறும், அதன்பின் ஒவ்வொரு தடவையும் டிரம்மில் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவிவிட்டுத் தூக்கி வை. ஆகாயத்தாமரை இருக்கிற இடத்தில் கீழே உள்ள சல்லடையைக் குனிந்து பார்த்துக்கொள்.

குளச்சல் பழைய ஸ்பேனர்

நிறுத்தி வைக்கும்போது கிடத்தாதே, நேராக நிற்கட்டும், உள்ளே உள்ள தண்ணீர் முழுக்க வடியும். அந்த இரண்டு துளையிலும் துணி சொருகி வை, குளவி திரும்ப வரும். ஸ்டார்ட் பண்ணும் முன்னால் துணியை எடுக்க அப்பாவிடமும் சொல்லிவை.